சித்தி வீட்டு பாத்ரூம் வேர்

“இந்த வீட்டுக்குள்ள டிக்கெட் வாங்காம ஏறினது அந்த வேர் ஒண்ணுதான்.”

சித்தி இதைச் சொல்லாத நாள் கிடையாது. பல் விளக்கும்போது நுரையோடு சொல்வாள். பூட்டைத் திறக்கும்போது பூட்டிடம் சொல்வாள். போனில் யாராவது “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். “நான் நல்லாத்தான் இருக்கேன், எங்க பாத்ரூமுக்குத்தான் சரியில்ல” என்று கிளம்பி, ஊரெல்லாம் சுற்றி, இந்த வாக்கியத்தில் வந்துதான் வண்டியை நிறுத்துவாள். சொல்லும்போது இடது கை தானாக மேலே போய் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொள்ளும். வலது கைக் கட்டை விரல், கிழிப்பதற்குத் தயாராக ஆள்காட்டி விரலைத் தேய்க்கும்.

சித்தி டவுன் பஸ் கண்டக்டர். அவள் குரல் பின் படிக்கட்டில் கிளம்பினால், கூட்டத்தை முட்டி மோதிக்கொண்டு டிரைவர் காதுவரை போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் ஸ்டாப் வந்துவிட்டதென்று பதறி, யாரோ ஒருவருடைய ஸ்டாப்பில் இறங்கிப் போவதும் உண்டு. யூனிஃபார்மைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் அவளுக்கு டூட்டி முடியாது. ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தியதும் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, “ரைட்” என்பாள். ஃப்ரிட்ஜ் இதுவரை ஓரடிகூட நகர்ந்ததில்லை. அதனால் அவள் தட்டுவதை நிறுத்தியதுமில்லை.

தப்பு என்ற ஒன்றை சித்தி மற்றவர்களுக்குக் கொடுப்பாளே தவிர, தான் வாங்கிக்கொள்ள மாட்டாள். ஒரு தடவை ஸ்கூட்டர் ஓட்டிப் பழகுகிறேன் என்று போய் விளக்குக் கம்பத்தில் இடித்தாள். விசாரித்தபோது, “நான் நேராத்தான் வந்தேன், கம்பம்தான் ரோட்டுப் பக்கமா தள்ளி நின்னுச்சு” என்றாள். பால் பொங்கி வழிந்தால் பாத்திரம் சின்னது. தூங்கிப்போய் லேட்டானால் அலாரத்துக்குக் குரல் பத்தாது.

சித்தப்பாவுக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. கடை என்றதும் சுவர், கதவு, போர்டு என்று யோசிக்கவேண்டாம். வீட்டின் பக்கவாட்டில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் எங்கெல்லாம் விழுகிறதோ, அதெல்லாம் கடை. கிளையில் டியூப்கள் தொங்கும். அடிமரத்தில் அடித்த ஆணிகளில் ஸ்பேனர்கள் தொங்கும். தரைக்கு மேலே புடைத்து நிற்கும் ஒரு வேர்தான் வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சு. பஞ்சர் பார்க்க, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிய இரும்புத் தொட்டியில் தண்ணீர். சாயங்காலமானால் மரம் இலைகளை மடித்துக்கொண்டு தூங்கிவிடும். சித்தப்பா மத்தியானமே தூங்கிவிடுவார். அவர் பேச்சிலேயே பாதி கொட்டாவிதான். “ஓவராயில் பண்ணணுமா, இல்ல... ஆஆ... வ்... காத்து மட்டும் போதுமா?” என்பார். கேட்பவருக்கும் கொட்டாவி வந்து, இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

இந்த மரத்தின் ஒரு கிளை வேர்தான் பூமிக்குள் தவழ்ந்து போய், சித்தி வீட்டு பாத்ரூம் தரையை முதுகால் தூக்கிவிட்டது. தரை எழும்பியதால் கதவு பாதியில் நின்றுபோனது. ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளி எப்போதும் திறந்தே இருக்கும். அதனால் உள்ளே போகிறவர்கள் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சித்தப்பா விசிலடிப்பார். நடுவில் விசில் நின்றால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம், யாராவது போய்க் கதவைத் தட்டவேண்டும். சித்தி தன் ரூட்டில் வரும் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்வாள்.

“மார்க்கெட்... தண்ணி டேங்க்... பழைய ஆஸ்பத்திரி... புது ஆஸ்பத்திரி...”

வெளியே நிற்பவர்களுக்கு இது சௌகரியம். “ரயில்வே கேட்” வந்துவிட்டால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ளலாம். சில நாள் “ரயில்வே கேட்... ரயில்வே கேட்...” என்று அங்கேயே நிற்கும். கேட் மூடியிருக்கிறது என்று புரிந்துகொண்டு பொறுமையாக இருக்கவேண்டியதுதான்.

மரத்துக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. அத்தை என்றால் சித்தப்பாவின் அக்கா. தாத்தா இடத்தைப் பாகம் பிரிக்கும்போது கிணறு, மாட்டுக் கொட்டகை, ஓட்டை அண்டா வரைக்கும் பிரித்தவர், மரத்தைப் பிரிக்க மறந்துபோனார். அது சரியாக நடுவில் நின்றுகொண்டு இரண்டு வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது. நிழல் தம்பிக்கு, சருகு அக்காவுக்கு. அத்தை எதைச் சொன்னாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எனக்கென்ன வந்தது, நான் சும்மா சொல்றேன்” என்றுதான் ஆரம்பிப்பாள். அத்தை சும்மா சொன்ன எதுவும் சும்மா போனதாகச் சரித்திரம் கிடையாது.

ஒரு நாள் அத்தை ஒரு மேஸ்திரியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரே பல்லவி: “அது ஒண்ணும் பெரிய வேலை இல்லக்கா.” சின்ன வேலையைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார், மலையைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். பாத்ரூமுக்குள் தலையை மட்டும் நுழைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

“அது ஒண்ணும் பெரிய வேலை இல்லக்கா. மரத்தை எடுத்துட்டா வேர் தானா காஞ்சிரும். அப்புறம் தரையைப் போட்டுக்கலாம்.”

“எனக்கென்ன வந்தது, நான் சும்மா சொல்றேன்,” என்றாள் அத்தை. “எடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது.”

சித்தி, ‘இருங்க அண்ணி, இவர் ஒத்துக்கணுமே’ என்கிற மாதிரி சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். மரம் போனால் கடை போய்விடும், மனுஷன் பாய்ந்து வருவார் என்று அவள் நினைத்தாள். சித்தப்பா கொட்டாவியை முழுசாக முடித்துவிட்டுச் சொன்னார்:

“எடுத்துக்கோங்க. நான் கடையை ஹாலுக்கு மாத்திக்கறேன். அங்க ஃபேன் இருக்கு.”

சித்தியின் இடது கை மேலே போய்க் கம்பியைத் தேடியது. இந்தத் தடவை நிஜமாகவே பிடிக்க ஒன்று தேவைப்பட்டது.

காரணம் இருக்கிறது. முன்பு ஒரு மழைக்காலத்தில் கடை கொஞ்ச நாள் ஹாலுக்குள் வந்திருக்கிறது. சித்தி டூட்டி முடிந்து வந்து லைட்டைப் போட்டால், சோபாவில் ஒரு சைக்கிள் படுத்திருந்தது. தலையணையில் செயின் மசகு. டீ டம்ளருக்குள் பால்ரஸ் குண்டுகள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாத ஓர் ஆள் நாற்காலியில் சம்மணம் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “யாருங்க நீங்க?” என்று சித்தி கேட்டதற்கு, “பின் சக்கரம்” என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி டிவியைப் பார்த்தார். சித்தப்பா கை துடைத்த ஹால் திரைச்சீலைகளை எத்தனை தடவை துவைத்தும் கறுப்பு போகவில்லை. நாளெல்லாம் ஊர்க் கூட்டத்தில் நசுங்கிவிட்டு வருகிறவளுக்கு உலகத்தில் காலை நீட்ட இருக்கும் ஒரே இடம் அந்த ஹால்தான்.

“மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது,” என்றாள் சித்தி.

அதுவரை மரத்தைத் திட்டித் தீர்த்தவள் அந்த நிமிஷத்தில் மரத்துக்கு வக்கீலாகிவிட்டாள்.

“மரம் இருக்கட்டும். வேர் மட்டும் இறங்கணும். அதுக்கு வழி சொல்லுங்க மேஸ்திரி.”

“அடியிலேயே வேரை வெட்டிரலாம்க்கா. ஆனா அது தடி வேரு. அடிமரத்துக்கிட்ட வெட்டினா மரத்துக்குப் பிடி போயிரும், சாஞ்சிரும்.”

“எந்தப் பக்கம் சாயும்?”

மேஸ்திரி பென்சிலை எடுத்து நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். பென்சில் அத்தை வீட்டுச் சமையலறை ஜன்னலில் வந்து நின்றது.

“எனக்கென்ன வந்தது,” என்றாள் அத்தை அவசரமாக. “நான் சும்மா சொல்றேன், வேர்ல கை வைக்காதீங்க.”

கடைசியில் மூன்றாவது வழி ஒன்று கிடைத்தது. மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு பள்ளம் வெட்டி, நெட்டுக்குத்தாகத் தகடு இறக்கினால், புதிதாக வருகிற வேர் அதில் முட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். வீட்டுப் பக்கம் மாட்டிக்கொண்ட துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், அடிமரத்திலிருந்து தள்ளி வெட்டுவதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இது சரிப்படவில்லை என்றால் மரம் போகவேண்டும், அப்புறம் பேச்சே கிடையாது. “சரி” என்று சொல்லிவிட்டாள் சித்தி. சொல்லும்போது ஹாலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

தகட்டுக்குச் சித்தி கடைக்குப் போகவில்லை. உடைப்பதற்குப் போன ஒரு பழைய பஸ்ஸின் பக்கவாட்டுத் தகடுகளை அவளுடைய டிரைவர் பழைய இரும்புக் கடையில் பிடித்து அனுப்பிவைத்தார். ஒன்றில், “கை, தலையை வெளியே நீட்டாதீர்கள்” என்று பெரிய எழுத்தில் இருந்தது. சித்தி அந்த எழுத்து மரத்தின் பக்கம் இருக்கும்படிதான் இறக்கவேண்டும் என்று நின்றாள்.

“மண்ணுக்குள்ள யார் படிக்கப் போறாங்கக்கா?” என்றார் மேஸ்திரி.

“யாருக்கு எழுதியிருக்கோ அது படிக்கும். நீங்க திருப்பி வைங்க.”

பள்ளம் வெட்டத் தொடங்கினார்கள். பாதிவரை மண் காய்ந்து கட்டி கட்டியாக வந்தது. பாத்ரூம் மூலைக்கு வந்ததும் மண்வெட்டி ‘சதக்’ என்று இறங்கியது. அந்த இடம் மட்டும் சொதசொதவென்று ஈரம். ஈரத்துக்குள் முடிக்கற்றை மாதிரி சிறுவேர்கள் சடை பிடித்துக் கிடந்தன. மேஸ்திரி ஒரு கொத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

“அக்கா, வேர் சும்மா வராது. தண்ணி இருக்குற எடத்துக்குத்தான் வரும். இந்த ஈரம் இருக்குற வரைக்கும் நீங்க பஸ்ஸையே இறக்கினாலும் அடியில பூந்து வந்துரும். உங்க பாத்ரூம் பைப்பு லீக்கு.”

“அது பெரிய வேலையா?”

“அது ஒண்ணும் பெரிய வேலை இல்லக்கா.”

பாத்ரூம் தரை முழுவதையும் உடைத்தார்கள். பைப்பை ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார்கள். தண்ணீரை நிரப்பி, வாயை அடைத்துவைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பைப் புதுசு மாதிரி இருந்தது. பாத்ரூம்தான் போய்விட்டது.

அதன் பிறகு குளிக்கவும் மற்றதுக்கும் அத்தை வீட்டுக்குத்தான் போகவேண்டியிருந்தது. சித்தி வாளியைத் தூக்கிக்கொண்டு, தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, பக்கத்து வாசலுக்குப் போவாள். அத்தை வீட்டுக் கதவு நன்றாகத்தான் சாத்தும். ஆனாலும் பழக்க தோஷம், உள்ளே போனதும் “மார்க்கெட்... தண்ணி டேங்க்...” என்று தொடங்கிவிடுவாள்.

“ஏம்மா,” அத்தை வெளியிலிருந்து கத்துவாள், “எனக்கென்ன வந்தது, நான் சும்மா கேக்கறேன், உன் பஸ் எப்பத்தான் போய்ச் சேரும்? அடுப்புல பால் வெச்சிருக்கேன்.”

“இப்பத்தான் பழைய ஆஸ்பத்திரி அண்ணி.”

“நேத்தும் அங்கதான நின்ன.”

மேஸ்திரி தோல்வியை ஒப்புக்கொண்டார். “தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியலக்கா. தெரியாம தகடு இறக்கி பிரயோஜனம் இல்ல. காலையில மரத்தை எடுக்கக் கயிறோட வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சித்தப்பா ஒரு டியூபை எடுத்துக்கொண்டு வந்து ஹாலின் நீள அகலத்தை அளக்க ஆரம்பித்தார். “ஸ்டாண்டு டிவிக்கு முன்னாடி... ஆஆ... வ்... போட்டுக்கலாம்” என்றார்.

சித்தி அன்று லீவு போட்டிருந்தாள். எப்போதும் மாலை ஷிப்டு அவளுக்கு. இருட்டிய பிறகுதான் வருவாள். கடை மூடுகிற நேரத்தில் அவள் வீட்டில் இருப்பதே அபூர்வம். சமையலறை ஜன்னலில் நின்று, நாளைக்கு இல்லாமல் போகப்போகிற மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து, இலைகள் மூடத் தொடங்கியிருந்தன. சித்தப்பா ஸ்பேனர்களை ஆணியில் மாட்டினார். டியூப்களை எண்ணாமலேயே சரியாக இருக்கிறதென்று தலையாட்டிக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய தொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி வயிற்றில் அணைத்துக்கொண்டு நடந்தார். மரத்தைத் தாண்டினார். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனார். பாத்ரூம் சுவர் மூலைக்குப் போய்த் தண்ணீர் முழுவதையும் அங்கே கவிழ்த்தார். கடைசிச் சொட்டும் விழட்டுமென்று தொட்டியின் பின்பக்கம் தட்டினார்.

சித்தி வெளியே வந்தாள்.

“என்ன பண்றீங்க?”

“தண்ணி ஊத்தறேன்.”

“எவ்வளவு நாளா ஊத்தறீங்க?”

“தினமும்தான். கடை போட்ட புதுசுலேருந்து.”

“எங்க வேணா ஊத்தலாமே. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்து ஏன் இங்க?”

“நீதான சொன்ன.”

“நானா?”

“ஒரு தடவை வாசல்ல ஊத்தினதுல நீ வழுக்கி விழுந்தியே. அப்ப சொன்ன. ‘வாசல்ல ஊத்தாதீங்க, சுத்திட்டுப் போய் அந்த பாத்ரூம் மூலையில ஊத்துங்க, எத்தனை தடவை சொல்றது’ன்னு. ஒரு தடவைதான் சொன்ன. அதுவே போதும்னு நானும்...” கொட்டாவி வந்துவிட்டது.

சித்தி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளிடம் இப்போது இரண்டு வழிதான். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் மரம் போகும், பின்னாலேயே ஹாலும் போகும். சொன்னால் ஹால் நிற்கும், ஆனால் அண்ணிக்குத் தெரிந்துவிடும். ஹால் ஜன்னலில் தெரிந்த, கறுப்பு போகாத அந்தத் திரைச்சீலையை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நடுவில் ஒரு குறுக்குச் சந்து இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

“இங்க பாருங்க. நாளைக்கு அவங்க முன்னாடி, ஏன் இங்க ஊத்தினீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நீ சொன்னேன்னு சொல்லுவேன்.”

“அதைச் சொல்லக் கூடாது.”

“சரி.”

“எங்க, இப்ப நான்தான் மேஸ்திரி. ஏண்ணே இங்க ஊத்தினீங்க?”

“அவ சொன்னான்னு சொல்லக் கூடாது மேஸ்திரி.”

“அப்படிச் சொல்லக் கூடாது. சும்மா ஊத்தினேன்னு சொல்லணும்.”

“சரி.”

“மறுபடி கேக்கறேன். ஏண்ணே இங்க ஊத்தினீங்க?”

“சும்மா ஊத்தினேன்னு சொல்லச் சொன்னா.”

ஒத்திகை இப்படியே போனது. எட்டு மணி செய்திக்குள் சித்தப்பா தேறிவிட்டார் என்று சித்தி நம்பினாள். உண்மையில் அவர் நின்றுகொண்டே தூங்கிவிட்டிருந்தார்.

காலையில் மேஸ்திரி கயிற்றோடு வந்தார். சித்தி இரண்டு தட்டு சுவரைத் தட்டி எல்லோரையும் கவனிக்கவைத்தாள்.

“மரம் வெட்ட வேண்டாம். தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. இவர்தான் தினமும் தொட்டித் தண்ணியை இங்க கொண்டாந்து ஊத்தியிருக்காரு.”

அத்தையின் தலை அவள் வீட்டு மதிலுக்கு மேலே முளைத்தது. “டேய் தம்பி, உனக்கு அறிவிருக்கா? இருக்குற எடத்தையெல்லாம் விட்டுட்டு சுவத்துல வந்து ஏன்டா ஊத்தின?”

சித்தப்பா அக்காவைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். மனசுக்குள் பாடத்தைத் தேடிப் பார்த்தார்.

“அவ சொல்லித்தான் ஊத்தினேன்கிறதை உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காக்கா.”

மேஸ்திரி திரும்பி நின்று கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தலை மெதுவாக மதிலுக்குப் பின்னால் இறங்கிப் போனது. அத்தை பேசாமல் போனதுதான் சித்திக்குப் பயமாக இருந்தது. கேள்வி எங்கேயோ பழுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

தொட்டித் தண்ணீர் அன்றிலிருந்து மரத்தின் தெருவோரத்துக்குப் போனது. ஈரம் காய்ந்ததும் மேஸ்திரி வீட்டுப் பக்கத்து வேர்த்துண்டை வெட்டி எடுத்தார், பஸ் தகட்டை இறக்கி மூடினார், தரையை மட்டம் பார்த்துப் போட்டார். அடிமரத்தில் யாரும் கை வைக்கவில்லை. கடை இருந்த இடத்திலேயே இருந்தது. சித்தி ஹால் சோபாவில் நீட்டிப் படுத்து, கால் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கினாள்.

கதவு ஒழுங்காகச் சாத்துகிறது என்று கேள்விப்பட்டு அத்தை பார்க்க வந்தாள். இழுத்தாள், தள்ளினாள். “எனக்கென்ன வந்தது, ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துடறேனே” என்று நுழைந்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சித்தி யூனிஃபார்மில், பையை மாட்டிக்கொண்டு, தன் முறைக்காக வெளியே நின்றிருந்தாள். வெகுநேரம் உள்ளே சத்தமே இல்லை. அப்புறம் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கேள்வி நிதானமாக வந்தது.

“ஏம்மா, நான் சும்மா கேக்கறேன். ஊர் பூரா அந்த வேரைத் திட்டினியே, அதை வீட்டுக்குள்ள கூப்பிட்டதே நீதானாமே?”

சித்தி கதவுக்குப் பக்கத்தில் வந்து, பின் படிக்கட்டிலிருந்து டிரைவருக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்:

“ஆமா அண்ணி, நான்தான். வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து ‘உள்ள போங்க, உள்ள போங்க’ன்னு தொண்டை கிழியக் கத்தறேன், ஒரு ஆள் ஒரு அடி நகந்தது கிடையாது. என் பேச்சை மதிச்சுக் கேட்டது இந்த உலகத்துலயே ரெண்டு பேர்தான், ஒண்ணு உங்க தம்பி, இன்னொண்ணு உங்க மரம். அதுல ஒண்ணைத்தான் நீங்க வெட்டச் சொன்னீங்க. ஆக, இந்தக் குடும்பத்துல சொன்னா கேக்காத ஆள் ஒருத்தர்தான் பாக்கி. அவங்க கொஞ்சம் சீக்கிரமா வெளிய வந்தாங்கன்னா, நான் டூட்டிக்குக் கிளம்பணும்.”